ஆறு ஸ்டேர் விறகு

ஆகஸ்ட் கடைசியில், வெயில் இன்னும் முதுகைச் சுடும் நாளிலேயே எங்கள் வாசலில் விறகு வண்டி வந்து நிற்கும். குதிரை பூட்டிய வண்டி. 'கருட்சா' என்பார்கள். பழைய கார் டயர் மாட்டிய நாலு சில்லு, இருபுறமும் சாய்வாக ஏறும் பலகை, குதிரையின் கடிவாளத்தில் சிவப்புக் குஞ்சம். குஞ்சம் எதற்கு என்று முதல் வருடம் கேட்டேன். கண் பட்டுவிடும் என்றார் வண்டிக்காரர். நாவூறு என்று நாங்கள் சொல்வது அவருக்கும் இருக்கிறது என்று அன்று விளங்கியது.

"இஞ்சாருங்கோ, விறகு வந்திட்டுது" என்று நான் குரல் கொடுக்க, கணவர் கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே வருவார். அன்று முழுக்க வேறு வேலை கிடையாது. இங்கே விறகை நிறுத்து விற்பதில்லை. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் அடுக்கினால் அது ஒரு 'ஸ்டேர்'. கட்டைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடமும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால், இறுக்கி அடுக்குகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு ஒரு குளிர்காலத்துக்கு ஆறு ஸ்டேர் போகும். அநேகமாக 'சல்கும்' என்ற முள்மரம்தான் வரும். மே மாதத்தில் அது வெள்ளை வெள்ளையாகப் பூத்து ஊரெல்லாம் தேன் மணக்கும். விறகாகும்போது பாதி ஈரமாக இருந்தாலும் எரியும், அதனால் ஏழை வீடுகளுக்கு அது பெரிய உதவி.

நான் ஓய்வுபெற்ற தாதி. இலண்டனில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை, அதில் பெரும்பகுதி பிள்ளைகள் வார்டில். கணவர் மின்வேலை செய்தவர். நாலு குளிர்காலமாக நாங்கள் இருவரும் ருமேனியாவின் வடகிழக்கே, வஸ்லுய் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தொண்டர்களாக இருக்கிறோம். யாஷி நகரில் விமானம் இறங்கி, தெற்கே 70 கிலோமீட்டர் போனால் வஸ்லுய் நகரம். அங்கிருந்து சிற்றூர்தியில் மேடும் பள்ளமுமாக இன்னும் ஒரு மணி நேரம். கிழக்கே புரூத் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மொல்தோவா என்ற தனி நாடு, இந்தப் பக்கமும் மொல்தோவா என்றே பெயர், ஆனால் இது ருமேனியாவின் ஒரு பகுதி. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே வறுமை மிகுந்த இடங்களில் ஒன்று.

எங்களை அனுப்பியது இலண்டனில் பழைய துணிக்கடை நடத்திப் பணம் திரட்டும் ஒரு சிறு அறக்கட்டளை. "அங்கே போய் என்ன செய்கிறீர்கள்?" என்று ஊரில் இருந்து தொலைபேசியில் கேட்கிறவர்களுக்கு நான் விறகுக் கதையைத்தான் முதலில் சொல்வேன். ஏனென்றால், இந்தக் கிராமத்தில் ஒரு பிள்ளை தன் வீட்டிலேயே வளருமா, வளராதா என்பதை விறகு தீர்மானித்த வருடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1966 அக்டோபரில், அப்போது ருமேனியாவை ஆண்ட சௌசெஸ்குவின் அரசு 770ஆம் இலக்க ஆணையைப் பிறப்பித்தது. கருக்கலைப்புக்குத் தடை. நாலு பிள்ளை பெற்றவர்கள், 45 வயதைத் தாண்டியவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் போயின. தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும், மக்கள்தொகை பெருக வேண்டும் என்பது ஆட்சியின் எண்ணம். மறு வருடமே பிறப்புகள் ஏறக்குறைய இரட்டிப்பாயின. பெற்ற பிள்ளைக்குச் சோறு போட வழியில்லாதவர்களிடம், அரசு விடுதியில் விடு, அரசு உன்னைவிட நன்றாக வளர்க்கும் என்று சொல்லப்பட்டது. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது அந்த விடுதிகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள்.

1990இல் அந்த விடுதிகளின் காட்சிகள் பிரிட்டனின் தொலைக்காட்சிகளில் வந்தன. எங்கள் வார்டின் ஓய்வறையில், தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி பத்துப் பன்னிரண்டு தாதிகள் பேச்சில்லாமல் நின்றோம். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்த பிள்ளைகள். அழாத பிள்ளைகள். அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டால் குழந்தை அழுவதை நிறுத்திவிடும், அது தாதிகளுக்குத் தெரியும். எங்களோடு வேலை செய்த சிலர் லொறிகளில் மருந்தும் அணையாடையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுப் போனார்கள். என் மடியில் அப்போது கைக்குழந்தை. போக முடியவில்லை. போகாதது முப்பது வருடம் மனதில் கிடந்தது.

அந்தப் பிள்ளைகளை அநாதைகள் என்று உலகம் சொன்னது. பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். அவர்களைப் பிரித்தது வறுமை. 2000ஆம் ஆண்டு புக்கரெஸ்டில் சார்ல்ஸ் நெல்சன், சார்ல்ஸ் ஸீனா, நேதன் ஃபொக்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளைத் தெரிந்தெடுத்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, வருடக்கணக்காகக் கவனித்தார்கள். குடும்பத்தில் வளர்ந்தவர்கள் பேச்சிலும் அறிவிலும் ஒட்டுறவிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே குடும்பம் கிடைத்தவர்கள் இன்னும் நன்றாக. உண்ண உணவும் படுக்கக் கட்டிலும் இருந்தும், தூக்கி அணைக்க ஒரே ஆள் இல்லாவிட்டால் மூளையே வளரத் தயங்கும் என்பதை அந்த ஆய்வு காட்டியது. பெரிய விடுதிகள் பின்னர் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ருமேனியா 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கு அதுவும் ஒரு நிபந்தனை போலவே இருந்தது. இன்று, கடுமையான ஊனம் போன்ற சில நிலைகள் தவிர, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையை விடுதியில் வைக்கச் சட்டம் இடம் தருவதில்லை.

ஆகவே இப்போது வேலை விடுதி வாசலில் இல்லை. அதற்கு முன்னாலேயே, குடும்பம் உடையப்போகிற வீட்டு வாசலில்தான். எங்கள் அறக்கட்டளை கவனிக்கும் வீடுகள் இந்தக் கிராமத்திலும் பக்கத்துக் கிராமத்திலுமாகப் பதினேழு.

காலை ஐந்தரைக்கு அடுப்பு. வீட்டு மூலையில் கூரையைத் தொடுகிற மாதிரி மண்ணிறச் சுட்ட ஓடு பதித்து நிற்கும் அடுப்பு அது. உள்ளே செங்கல்லும் களிமண்ணும் வளைந்து வளைந்து புகையைச் சுற்ற வைக்கும். இரண்டு மணி நேரம் எரித்தால் சுவர் சூடேறி அரை நாளுக்குச் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். புகைபோக்கியில் 'ஷூபெர்' என்று ஒரு இரும்புத் தட்டு உண்டு. விறகு தணலானதும் அதைத் தள்ளி அடைத்தால்தான் சூடு வெளியே போகாது. எப்போது அடைப்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது. தணலின் மேல் சின்னச் சின்ன நீலச் சுவாலை துள்ளிக்கொண்டிருந்தால் அடைக்கக் கூடாது. அது கார்பன் மொனொக்சைட் எரிகிற நிறம். அடைத்தால் அந்த வாயு அறைக்குள் இறங்கும், தூக்கத்திலேயே ஆள் போய்விடும். விறகு குறைந்த வீட்டில்தான் சூட்டைச் சேமிக்க வேண்டும் என்று தட்டை அவசரமாக அடைப்பார்கள். நான் ஒவ்வொரு வீட்டுக்கும் முதலில் கொண்டுபோனது மின்கலத்தில் இயங்கும் ஒரு எச்சரிக்கைக் கருவி. என் கணவர் ஏணி வைத்து அதைச் சுவரில் பொருத்துவார்.

ஜனவரியில் 'கிரிவெட்ஸ்' என்ற வடகிழக்குக் காற்று இறங்கும். உறைநிலைக்குக் கீழே 15 பாகை, சில இரவுகளில் 20. அப்போது கிணற்றுச் சகடையில் சங்கிலி கையோடு ஒட்டும். இங்கே கிணறுகள் அழகானவை, கூரை போட்டு, செதுக்கிய மரத்தூண் வைத்து, சிலுவை நட்டிருப்பார்கள். தண்ணீர்தான் என்னைப் பயமுறுத்துகிறது. முற்றத்திலேயே மாட்டுச் சாணக் குவியல், பின்னால் குழிக் கழிப்பறை, நடுவே கிணறு. நைத்திரேற்று நிலத்தில் ஊறிக் கிணற்றில் சேர்கிறது. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. நாங்கள் சின்ன வயதிலிருந்து படித்தபடி கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறியும். அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உதடு நீலம் பாரிக்கும். பிள்ளை பெற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்கிறேன்: தாய்ப்பால் கொடு, முடியாவிட்டால் கடைத் தண்ணீர். ஐந்து லீற்றர் போத்தல்களை வாரா வாரம் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வேலை. இங்கே எனக்குத் தாதிப் பதிவு இல்லை, அதனால் மருந்து எதுவும் கொடுக்க மாட்டேன். இரத்த அழுத்தம் பார்ப்பேன், எழுதி வைப்பேன், வாரத்தில் இரண்டு நாள் வருகிற குடும்ப வைத்தியரிடம் கூட்டிப்போவேன்.

முதல் வருடம் நாங்கள் ஒரு பிழை செய்தோம். இலண்டனில் இருந்து வந்த துணிப் பொதிகளை வாசலிலேயே பிரித்துக் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் அயலவர்களுக்குள் சண்டை. சரியான அளவு கிடைக்காத தாய் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு வெறுங்கையோடு போனாள். அவளுடைய வீட்டுக்குப் பிறகு போனபோதுதான், அண்ணனும் தம்பியும் ஒரே சோடிச் சப்பாத்தை முறை வைத்துப் போட்டுக்கொண்டு ஒருவர் விட்டு ஒருவர் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று தெரிந்தது. வாசலில் குவித்ததில் அவர்களுக்கு வேண்டியது இல்லை. கேட்கவும் நாங்கள் கேட்கவில்லை. அதன் பிறகு பொதி வேண்டாம் என்று எழுதிவிட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படியில் இருந்து பேசி, அந்த வீட்டுக்கு என்ன தேவை என்று எழுதி, பக்கத்து நகரத்துக் கடையிலேயே வாங்குகிறோம். பெரும்பாலும் அது சப்பாத்து அல்லது விறகு. 2022இல் விறகின் விலை ஏறி, அரசே உச்ச விலை நிர்ணயித்தது. அந்தக் குளிர்காலம், மூன்று பிள்ளைகளோடு தனியே இருந்த தாய் ஒருத்தி, "இவர்களைக் கொஞ்ச நாள் எங்கேயாவது சேர்த்துவிடுங்கள், இங்கே குளிரில் செத்துப்போவார்கள்" என்று என்னிடம் கேட்டாள். ஐந்து ஸ்டேர் விறகும் உடைந்த யன்னலுக்குப் புதுக் கண்ணாடியும் போதுமாயிருந்தது. பிள்ளைகள் மூவரும் இன்றும் அவளோடுதான்.

பின்னேரம் ஒரு மணியில் இருந்து நாலு வரை பாடம். மூடிக் கிடந்த கூட்டுறவுக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து, மின்கம்பி மாற்றி, அடுப்பு வைத்திருக்கிறோம். இருபது பிள்ளைகள் வருவார்கள். வாசலில் நுழையும்போதே "சரூத் மன, தாந்தி" என்பார்கள். உங்கள் கையை முத்தமிடுகிறேன், மாமி என்று பொருள். மூத்த பெண்களுக்குச் சொல்லும் வணக்கம் அது. முதலில் சூப்பும் 'மமலிகெ'யும். மமலிகெ என்பது சோளமாவுக் களி. இறுகக் கிண்டிப் பலகையில் கவிழ்த்து, கத்தியால் வெட்டாமல் நூலால் அறுப்பார்கள். மேலே ஆட்டுப்பாற்கட்டி, புளித்த பாலாடை. கேழ்வரகுக் களி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு முதல் வாயிலேயே பிடிபடும்.

பாடத்தில் வருகிற பிள்ளைகளில் பாதிப்பேரின் தாயோ தகப்பனோ நாட்டில் இல்லை. இத்தாலியில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட ருமேனியர் வாழ்கிறார்கள். இந்த ஊர்ப் பெண்கள் அங்கே முதியவர்களைப் பராமரிக்கும் 'பதாந்தே' வேலைக்குப் போகிறார்கள், ஆண்கள் கட்டட வேலைக்கும் ஸ்பெயினில் பழம் பறிக்கவும். பெற்றோர் வெளிநாடு போவதானால் 40 நாள் முன்பே அறிவித்து, பிள்ளையை யார் பார்ப்பார் என்று பதிய வேண்டும் என்பது சட்டம். பலர் பதிவதில்லை, பாட்டியிடம் விட்டுவிட்டு இரவு பஸ்ஸில் ஏறிவிடுவார்கள்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போனேன். குழிக் கழிப்பறைதான், ஆனால் இணையம் நன்றாக வேலை செய்யும். மேசையில் சீனிப் பேணிக்குச் சாய்த்து வைத்த கைபேசி. அதில் தாய். எங்கோ ஒரு அந்நிய வீட்டுக் குசினியில் நின்று உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே மகன் வாசிப்பதைக் கேட்கிறாள். அவன் ஒரு சொல்லில் தடுக்கினான். அவள் கத்தியை வைத்துவிட்டு, அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக உச்சரித்தாள். அவனும் சொன்னான். பிறகு உள்ளேயிருந்து யாரோ அவளை இத்தாலிய மொழியில் கூப்பிட, திரை கறுத்தது. பையன் கொஞ்ச நேரம் அந்தக் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினான். மிச்சப் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டினான்.

ஊர் எல்லையில், சேறும் சகதியுமான ஒழுங்கையில் ரோமா மக்களின் வீடுகள். இந்த மண்ணில் அவர்கள் ஐந்நூறு ஆண்டளவு அடிமைகளாக விற்கப்பட்டவர்கள். மொல்தோவாவில் 1855இலும் ருமேனியாவின் தென்பகுதியான வலாக்கியாவில் 1856இலும்தான் கடைசி விடுதலைச் சட்டங்கள் வந்தன. இன்றும் வகுப்பில் அவர்கள் பிள்ளைக்குக் கடைசி வாங்கு கிடைப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன், அதைப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். அவர்களுடைய முன்னோர் இந்தியாவில் இருந்து புறப்பட்டவர்கள். அங்கே ஒரு கிழவி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் மொழியில் தண்ணீருக்கு 'பானி' என்றும் ஆளுக்கு 'மனுஷ்' என்றும் சொல்லிக் காட்டினாள். மனுசர் என்று நாங்களும் சொல்கிறோம் என்றேன். அன்றிலிருந்து அந்த ஒழுங்கையில் நாய் என்னைப் பார்த்துக் குரைத்தால் அவள் வந்து அதட்டுவாள். அவளுடைய பேத்திகள் இரண்டு பேர் இந்த வருடம் பாடத்துக்கு வருகிறார்கள்.

மார்ச் முதலாம் தேதி எல்லோரும் எல்லோருக்கும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைக் கட்டிவிடுவார்கள். மரம் பூக்கும் வரை அணிந்து, பிறகு கிளையில் கட்டுவார்கள். மாதக் கடைசியில் மின்கம்பத்துக் கூட்டுக்கு நாரைகள் திரும்பும். அதற்குப் பிறகு விறகு பற்றிய நினைப்புக் கொஞ்சம் குறையும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பெந்தகொஸ்தே பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை இறந்தவர்களுக்கான நாள். எங்கள் திவசம் போலத்தான், இறந்தவரின் பெயரால் உணவும் பாத்திரமும் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் 'பொமானா'. மூலை வீட்டுப் பாட்டிக்கு எண்பதைத் தாண்டிய வயது, மாதாமாதம் எங்களிடம் தண்ணீரும் மருந்துச் செலவும் பெறுகிறவர். கடந்த வருடம் அந்தக் காலையில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் படலையைத் திறந்து வந்தார். கையில் புதுக் கோப்பை. உள்ளே சர்க்கரையும் அக்ரூட் பருப்பும் கலந்த அவித்த கோதுமை, கைப்பிடியில் எரியும் மெழுகுதிரி. இறந்துபோன தன் மகனின் பெயரைச் சொல்லி என்னிடம் நீட்டினார். நான் பழக்கத்தில் "முல்சுமெஸ்க்" என்றேன், நன்றி என்று. பாட்டி கோப்பையை விடவில்லை. தலையசைத்து, "அப்படிச் சொல்லக் கூடாது. பொக்தாப்ரோஸ்தே என்று சொல்" என்றார். கடவுள் இறந்தவர்களை மன்னிக்கட்டும் என்பது அதன் பொருள். பொமானா பெறுகிறவர் சொல்ல வேண்டிய சொல் அது ஒன்றுதான். சொன்னேன். அப்போதுதான் கோப்பை என் கைக்கு வந்தது. கொடுக்க வந்தவள் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, வாங்கத் தெரிய வேண்டும் என்று அந்த அம்மா கற்றுக்கொடுத்தார். அந்தக் கோப்பையில்தான் இப்போது காலைத் தேத்தண்ணீர் குடிக்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களில், ஓய்வுபெற்ற பிறகு இப்படிப் போய் இருக்கலாமா என்று யோசிப்பவர்கள் இருப்பீர்கள். வாருங்கள் என்றே சொல்வேன். ஆனால் இரண்டு வாரத்துக்கு வராதீர்கள். பிள்ளைகளைத் தூக்கி, படம் எடுத்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு விமானம் ஏறிய குழுவினரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் போன மறுநாள் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்த பிள்ளைகளைச் சமாதானப்படுத்தியது நாங்கள். ஏற்கெனவே தாயைப் பஸ்ஸில் வழியனுப்பிய பிள்ளைக்கு இன்னொரு பிரிவைக் கொடுக்கவேண்டாம். வருவதானால் ஆறு மாதம் ருமேனிய மொழி படியுங்கள், ஒரு குளிர்காலம் முழுக்க இருங்கள், அறக்கட்டளையின் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வர முடியாதவர்கள், இங்கே குடும்பங்களைக் குலையாமல் காக்கும் அமைப்புகளில் ஒன்றுக்கு உதவுங்கள். துணி அனுப்பாதீர்கள், விறகுக்கு என்று பணம் அனுப்புங்கள். ஆகஸ்டுக்கு முன்பே அனுப்புங்கள். அதற்குப் பிறகு வாங்கும் விறகு குளிர்காலத்துக்குள் காயாது.